ஒரு டிகிரி தள்ளி

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாமல் ஒரு வீட்டை ஓட்டிவிடலாம். உலகத்தில் பாதி வீடுகள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. சோறு வெந்துவிடும், துணி காய்ந்துவிடும், பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். "அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சு" என்று பிள்ளையை நடுவில் விட்டுத் தூது அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு விமானத்தை அப்படி ஓட்ட முடியாது. காக்பிட்டில் தூது போவதற்குப் பிள்ளை கிடையாது.

இது தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள். அவர் கேப்டன், இடது பக்க இருக்கை. அவள் துணை விமானி, வலது பக்க இருக்கை. கம்பெனிக்கு இந்த ஜோடி மேல் கொள்ளை ஆசை. இருவரையும் சீருடையில் தோளோடு தோள் நிற்க வைத்துப் படம் பிடித்து, 'வானத்திலும் சேர்ந்தே' என்று கீழே எழுதி, விமானிகள் கூடும் அறையில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். படத்தில் அவர் தோளில் நான்கு கோடுகள், அவள் தோளில் மூன்று. அந்த நாலாவது கோட்டுக்காக அவள் காத்திருந்த காலத்துக்குள் மகள் தவழ்ந்து, நடந்து, கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுகிற வயதுக்கு வந்துவிட்டாள்.

அன்று காலை, பணி அட்டவணை போடும் குமாஸ்தா வேறு எதற்கோ அவளுக்கு போன் செய்தார். பேச்சுவாக்கில் அவள், கேப்டன் பயிற்சிக்கு ஆள் எடுப்பது எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள்.

"அது போன வாரமே முடிஞ்சிடுச்சே மேடம். உங்க பேருதான் முதல்ல இருந்துச்சு. சார் வந்து ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

குமாஸ்தாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. வீட்டில் பேசி முடித்த விஷயம் என்றே அவர் நினைத்திருந்தார். புருஷன் வந்து சொன்னால் பெண்டாட்டி சொன்ன மாதிரிதான் என்று நினைக்கிறவர்கள் கம்பெனிகளில்தான் எத்தனை பேர்!

விமான நிலையத்துக்குப் போகும் காரில் கேட்டாள். டிரைவர் இல்லை, அவரே ஓட்டினார்.

"யாரக் கேட்டு என் பயிற்சியத் தள்ளிப் போடச் சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, நிதானமாகத் திரும்பினார். "சொல்லிட்டானா அவன்? நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? ஒரு வருஷம் கழிச்சா?"

"இப்ப எதுக்குக் கத்தற? ஆறு மாசம் வேற ஊர்ல போய் உக்காந்துகிட்டா வீட்ட யாரு பாக்கறது? பொண்ணு பெரிய பரீட்சை எழுதற வருஷம். ஒரு வருஷம்தானே, அந்த சீட்டு எங்க ஓடியா போயிடப் போகுது?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்ட. அதான் கேக்கல."

இதை அவர் தர்க்கம் பிசகாத ஒரு நியாயம் சொல்வதுபோலச் சொன்னார். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அழுதால் அழுகிறாள் என்பார், கத்தினால் கத்துகிறாள் என்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவரும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். காரிலிருந்து இறங்கி, சீருடையைச் சரிசெய்து, தங்களுடைய அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் நின்று காகிதங்களை வாங்கிக்கொண்டு, இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் விமானத்துக்கு நடந்தார்கள்.

'இன்னைக்கு என்னால பறக்க முடியாது' என்று அவள் ஒரு போன் போட்டிருக்கலாம். விதியில் அதற்கு இடம் உண்டு. போட்டிருந்தால், வீட்டுச் சண்டைக்கு லீவு போடுகிறவளுக்குக் கேப்டன் சீட்டா என்று அடுத்த நாளே சிரித்திருப்பார்கள். அதனால் போடவில்லை.

கடலுக்கு மேலே சாலை கிடையாது. கரையைத் தாண்டிவிட்டால் ரேடாரின் கண்ணும் எட்டாது. வரைபடத்தில் கோடுகள் மட்டும் பக்கம் பக்கமாக ஓடும், விமானத்துக்கு ஒரு கோடு. ஒரே உயரத்தில் போகிறவர்களை வேறு வேறு கோட்டில் விட்டுவிடுவார்கள். அவரவர் கோட்டில் அவரவர் போனால் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு கோட்டிலும் வரிசையாகச் சில புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் சில எண்கள். அந்த எண்களை விமானத்தின் கணினியில் கையால் அடித்துக் கொடுத்தால், அது பாட்டுக்குப் புள்ளி புள்ளியாகப் போகும். எண் ஒன்று பிசகினால், பிசகின இடத்துக்கே அதே நம்பிக்கையோடு போகும்.

அதனால்தான் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் அடிக்க வேண்டும். இன்னொருவர் தன் கையிலிருக்கும் தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அடித்தவர் திரையைப் பார்த்து, அதே எண்ணை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். கண் தனக்குப் பிடித்ததைத்தான் பார்க்கும், காதுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்று கண்டுபிடித்து ஏற்படுத்திய வழக்கம் அது.

அன்றைக்கு அவர் அடித்தார். அவள் தாளை எடுத்தாள். படிப்பதென்றால் அவரோடு பேச வேண்டும். கேபின் கதவு, எரிபொருள், தரைக் கட்டுப்பாடு என்று கட்டாயமான வார்த்தைகளையே கடித்துத் துப்பிக்கொண்டிருந்தவளுக்கு, இருபது முப்பது எண்களை அந்த மனுஷரிடம் ஒப்பிக்க வாய் வரவில்லை. அவருக்கும் அப்படியே. அடித்து முடித்தவர், திரையை அவள் பக்கம் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் தாளில் பாதியும் திரையில் பாதியுமாகக் கண்ணை ஓட்டிவிட்டுத் தலையாட்டினாள். முகத்தைப் பார்க்காமல் ஆட்டினாள். வருஷக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குச் சைகை போதும். அந்நியர்களாக இருந்திருந்தால் மரியாதைக்காவது படித்திருப்பார்கள்.

இரண்டாவது புள்ளியின் எண்ணில் ஒரு டிகிரி குறைந்திருந்தது.

ஓட்டுகிற முறை அன்று அவளுடையது. பின்னால் இருநூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். கரை மறைந்தது. பளிச்சென்ற வெயில், கீழே சுருக்கமில்லாத கடல், ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது விமானம். முதல் புள்ளியைத் தாண்டினார்கள். தாண்டிப் பத்து நிமிடம் கழித்து, விமானம் இருக்கிற இடத்தைத் துணை விமானி வரைபடத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். அவள் குறித்தாள்.

குறி கோட்டின் மேல் விழவில்லை. தெற்கே ஒரு நகத்தின் அகலம் தள்ளி விழுந்தது.

தன் கணக்கில்தான் பிசகோ என்று மறுபடி போட்டாள். அதே இடம். பிறகு திரையில் அடுத்த புள்ளியின் எண்களை எடுத்துப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பளீரென்று தெரிந்துவிட்டது. விமானம் தன் கோட்டை விட்டு, சாய்வாக, பக்கத்துக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல விமானி அந்த நிமிடம் என்ன செய்வாள்? "கேப்டன், ரெண்டாவது புள்ளி தப்பு" என்பாள். நாலே வார்த்தை. அவள் நல்ல விமானிதான். அந்த நாலு வார்த்தையும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம், குபுக்கென்று நெஞ்சுக்குள் பொங்கிற்று. அடித்தது அவர். எல்லாம் தெரிந்த மனுஷர், அவளுக்கும் சேர்த்து முடிவெடுக்கிற மனுஷர், எண்ணைத் தப்பாக அடித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். அவராகப் பார்க்கட்டும். பார்த்து முகம் வெளுக்கட்டும். 'நீ பாத்தியா?' என்று அவர் வாயால் அவளிடம் கேட்கட்டும். தான் தலையாட்டியதை அவள் வசதியாக மறந்தே போனாள்.

கொஞ்ச நேரம்தானே, எதிரில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். காபி வரட்டும், குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். கோபத்துக்குச் சாக்கு கண்டுபிடிக்கிற மூளை அலாதியானது. அடுத்த தடவை குறி போட்டபோது நகத்தின் அகலம் விரலின் அகலமாகியிருந்தது.

காபி வந்தது. கொண்டுவந்தவள் கேபின் பணிப்பெண்களிலேயே சின்னவள். துறுதுறுவென்று இருப்பதால் எல்லாரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன இங்க இவ்வளவு அமைதியா இருக்கு?" என்றாள் சிட்டு.

வலது பக்கத்தில் அவள் வாயைத் திறந்துவிட்டாள். இந்தப் பெண்ணின் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மேடம் இன்னைக்கு மௌன விரதம். பேசினா வரம் போயிடும்" என்றார், சிட்டுவைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

சிட்டு களுக்கென்று சிரித்தாள். வலது பக்கத்தில் அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். போ, எங்கே வேண்டுமானாலும் போ, என்று நினைத்தாள். அவரைத்தான் நினைத்தாள். ஆனால் போனது விமானம்.

முதலில் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வந்தது. அதைப் பார்த்து அவள் நிமிர்வதற்குள் இயந்திரக் குரல் எழுந்தது. "டிராஃபிக், டிராஃபிக்." பக்கத்துக் கோட்டில் அதே உயரத்தில், தன் பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருந்த வேறொரு கம்பெனியின் விமானம். அடுத்த மூச்சில் குரல் மாறி, மேலே ஏறச் சொன்னது. "க்ளைம்ப்! க்ளைம்ப்!"

அவள் ஆட்டோ பைலட்டை வெட்டிவிட்டு, ஓட்டும் பிடியைத் தன் பக்கம் இழுத்தாள். தேவைக்கு மேலேயே இழுத்தாள், அவ்வளவு குற்ற உணர்ச்சி அந்த இழுப்பில் இருந்தது. மிஞ்சிப்போனதென்று மூக்கைக் கீழே தள்ளியபோது காபி மேலே போனது. பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தமும், ஒரே நேரத்தில் நிறையப் பேர் அலறுகிற சத்தமும் கேட்டன. வலது ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளை முதுகு சர்ரென்று போயிற்று. இறக்கை, இறக்கை நுனியில் விளக்கு, வால். அவ்வளவு கிட்டத்தில் ஒரு விமானத்தை அவள் தரையில்தான் பார்த்திருக்கிறாள். அதன் நிழல் காக்பிட்டுக்குள் ஒரு கணம் விழுந்ததாகவே அவளுக்குப் பட்டது.

பிறகு மறுபடியும் வெயில், கடல், ஒன்றுமே நடக்காததுபோல.

"என்ன... என்ன ஆச்சு?" அவர் குரல் கீச்சென்று வந்தது. காலையிலிருந்து அவர் அவளிடம் மனுஷத்தனமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ரெண்டாவது புள்ளி தப்பு. ஒரு டிகிரி."

அவர் திரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம்தான். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்போ பாத்த?"

"இப்பத்தான்" என்றாள்.

சிட்டு காக்பிட் கதவுக்கு வெளியே கூரையில் மோதி விழுந்து கையை ஒடித்துக்கொண்டிருந்தாள். மிச்ச தூரம் முழுக்க அவளுடைய முனகல் கதவுக்குள் கேட்டுக்கொண்டே வந்தது.

இறங்கிய ஊரில், ஓட்டல் அறையில் கதவைச் சாத்தியதும் அவர் பேச ஆரம்பித்தார். காரில் வராத குழைவெல்லாம் இப்போது வந்தது.

"இங்க பாரும்மா. காக்பிட்ல நாம பேசறத ரெக்கார்ட் பண்ற பெட்டி கடைசி ரெண்டு மணி நேரத்தத்தான் வச்சிருக்கும். அதுக்கப்புறம் நாம எவ்வளவு தூரம் வந்தோம்! கிளம்பறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வழக்கம்போல வாய்விட்டுப் படிச்சோம், சரி பாத்தோம். அவ்வளவுதான். நீயும் அதையே சொல்லு."

"அப்புறம் நம்பர் எப்படித் தப்பாச்சு?"

"மிஷின்ல ஏதோ கோளாறுன்னு இருந்துட்டுப் போகட்டும். எத்தன தடவ அது மக்கர் பண்ணியிருக்கு! உன் பயிற்சி விஷயத்த ஊருக்குப் போனதும் நானே போய்ப் பேசறேன். அடுத்த மாசமே நீ போ. வீட்ட நான் பாத்துக்கறேன்."

அவளுடைய சீட்டு. வருஷக்கணக்காக அவள் ஏங்கிய சீட்டு. அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் காட்டுவதுபோல அதை எடுத்து நீட்டினார். இத்தனை சுலபமாகக் கொடுக்க முடிகிற ஒன்றையா காலையில் பறித்துக்கொண்டு போனார் என்று அவளுக்கு வயிறெரிந்தது. எரிந்தாலும், மனசு ஆடியது. பொய்யென்று பார்த்தால் சின்னப் பொய். அவருக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. குறி போட்ட விஷயம் அவருக்கே தெரியாது. பேசாமல் இருந்தால் போதும், சீட்டு கைக்கு வந்துவிடும். அன்று முழுக்கவும் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்?

"சரி" என்றாள்.

மறுநாள் சிட்டுவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். கைக்கு மாவுக்கட்டு. நெற்றியில் வீக்கம். அந்த நிலையிலும் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"நீங்க மட்டும் இழுக்கலன்னா இந்நேரம் நம்ம எல்லாரையும் மீன் தின்னுகிட்டு இருக்கும் மேடம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க மேடம்தான் காப்பாத்தினாங்கன்னு. இருங்க, எங்கம்மா உங்ககிட்ட பேசணும்னு காலையில இருந்து ஒரே நச்சரிப்பு."

போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதபடி பேசினாள். எனக்கு இருப்பது இது ஒன்றுதான் தாயே என்றாள். நீங்களும் உங்க குடும்பமும் நல்லா இருக்கணும் என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள். யாராவது ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பாள். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த 'சரி' அங்கேயே செத்துவிட்டது.

ஊர் திரும்பியதும் விசாரணை. விசாரித்த அதிகாரிக்குக் கம்பெனியில் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு திருகாணியைக் காணோமென்றாலும் அதன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் விசாரிப்பார். கெட்டவர் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்தில் தட்டச்சு செய்யும் ஒரு பெண், ஜன்னலுக்கு வெளியே கழுவப்படுகிற ஒரு விமானம். முதலில் அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சில்லாமல் கிளம்பியது, கட்டைவிரல், தலையாட்டல். தட்டச்சு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் பத்து நிமிஷத்துல குறி போட்டேன் சார். தள்ளி விழுந்துச்சு. நம்பர் தப்புன்னு தெரிஞ்சுது."

தட்டச்சு நின்றது.

"தெரிஞ்சுதா?" என்றார் பூதக்கண்ணாடி. "அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"சொன்னீங்களா?"

"சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்கு ஒரு வழி காட்டிவிடத்தான் பார்த்தார், பாவம். "சந்தேகமா இருந்திருக்கும். நம்ம கணக்குதான் தப்போன்னு."

"சந்தேகம் இல்ல சார். கோவம்."

"கோவமா? எதுக்கு?"

பயிற்சியைத் தள்ளிப் போடச் சொன்னதைச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறதென்று அவளுக்கே கேட்டது. அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அது உங்க வீட்டு விஷயம்மா. அது இங்க வேணாம்."

வீட்டு விஷயமாம். கம்பெனி ஆபீசுக்குள் போய், கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து, கம்பெனி ஆளிடம் பேசித் தள்ளிப் போட்டது வீட்டு விஷயம். அதற்கு அவள் கோபப்பட்டது மட்டும் கம்பெனி விஷயம். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அடுத்து கேப்டன் உள்ளே போனார். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, வராந்தாவில் அவள் முன்னால் நின்றார். குறி போட்ட விஷயத்தை உள்ளே கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. காரில் பார்த்த கோபத்தைப் போலப் பத்து மடங்கை அவள் எதிர்பார்த்தாள். கத்தட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக நின்றாள்.

"நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. மூச்சை நீளமாக விட்டார், தோள் தளர்ந்தது, கண்கூடக் கலங்கியது. அவர் உள்ளே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். பொய்யே தேவைப்படவில்லை. இவ்வளவு பெரிய தப்புக்குப் பக்கத்தில் வைத்தால், அவருடைய தப்பு கண்ணுக்கே தெரியாத தூசி.

"நான் தப்பா அடிச்சேன். மனுஷன்னா தப்பு வரும்" என்றார், அவள் தோளில் கைவைத்து. "ஆனா நீ... சரி விடு. பயந்துட்ட. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

தீர்ப்பு வந்தது. அவருக்குச் சில மாதம் பறக்காமல் தரையில் வேலை, ஒரு மறுபயிற்சி, பிறகு பழையபடி இடது பக்க இருக்கை. தன் தப்பை நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு இரண்டு பாராட்டு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவள் துணை விமானியாகவே இருக்கலாம், ஆனால் கேப்டன் ஆகும் தகுதி இல்லை. ஒரு வருஷம் தள்ளிப் போன சீட்டு ஒரேயடியாகப் போனது. புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துப் பறக்க விடுவதில்லை என்று புது விதியும் போட்டார்கள். படத்தைக் கிழித்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

பூதக்கண்ணாடி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தப்பா அடிக்கறவன எப்படியும் திருத்திடலாம்மா. தப்புன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கறவங்கள நான் எப்படித் திருத்தறது? உங்க கையில இருநூறு பேர நான் எப்படிக் குடுப்பேன்?"

அவர் சொன்னது நியாயம். தனக்கு நடந்ததும் அநியாயம்தான், இதுவும் நியாயம்தான் என்று தெரிந்தால் மனுஷி எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வாள்?

அதற்குப் பிறகு அவள் பலரோடு பறந்தாள். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, அவளிடம் சந்தேகம் கேட்டுத் தொழில் கற்றவன் ஒருவன் இப்போது இடது பக்கத்தில் உட்கார்ந்து, "மேடம், ஏதாச்சும் கண்ணுல பட்டா மறக்காம சொல்லிடுவீங்கல்ல?" என்று பல்லைக் காட்டினான். அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணைச் சொன்னாள், உயரத்தைச் சொன்னாள், மேகத்தைச் சொன்னாள், அணைந்துகிடக்கிற விளக்கு அணைந்துகிடக்கிறது என்று சொன்னாள். எதையாவது சொல்லாமல் விட்டால் மாவுக்கட்டு போட்ட கையும் போனில் அழுத குரலும் வந்து நின்றன. பறந்து முடித்து இறங்கினால் தொண்டை கட்டியிருக்கும்.

வீட்டில் அவர் மாறிப்போயிருந்தார். அன்போ அன்பு. அக்கம்பக்கம், சொந்தபந்தம், யார் கேட்டாலும் அவளுக்காகப் பரிந்து பேசினார். "கோவம்னு அவளே சொல்லிக்கறா. அதெல்லாம் இல்ல. பயம். சீனியர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாவம் தயங்கிட்டா" என்று போனில் சொல்வதை அவள் பக்கத்து அறையிலிருந்து கேட்பாள். கேட்டவர்கள் எல்லாரும், இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் மறுநாள் பறப்பதற்காக ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் அறைக்குள் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?" என்று ஆரம்பித்தார். "ஆபீஸ்ல பேச்சு வந்துச்சு. நீ இப்பல்லாம் காக்பிட்ல வாய் ஓயாம தொணதொணக்கிறியாம். ரெண்டு கேப்டனுங்க உன்கூடப் போடாதீங்கன்னே சொல்லிட்டாங்களாம். கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா? அன்னைக்கு நீ பயந்துதான் சொல்லலன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நாலஞ்சு வருஷம் போனா மறந்துடுவாங்க, அந்த சீட்டு விஷயமா நானே மறுபடி பேசிப் பாக்கலாம். இப்படிப் பண்ணினா நான் எப்படிப் பேசறது?"

"நான் பயப்படல" என்றாள்.

"சரிம்மா, பதட்டம்னு வச்சுக்கோ."

"பதட்டமும் இல்ல." மடித்த துணியைப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க தப்பா அடிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அத ரசிச்சுகிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துக் கோட்டுக்குத்தான் போயிட்டிருக்கோம்னு தெரியும். பின்னாடி அத்தன பேரு இருக்காங்கன்னு தெரியும். சிட்டு காபியோட நின்னப்போ கூடத் தெரியும். அப்பவும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நீங்க தோக்கறத ஒரு தடவையாவது பாக்கணும்னு இருந்துச்சு. என் உயிர் போனாலும் பரவால்லன்னு இருந்துச்சு."

அவர் கையில் பிரஷ் நின்றது. தன் வீட்டுக்குள் எப்போது நுழைந்தாள் இவள் என்பதுபோல அவளைப் பார்த்தார். ஒன்று பளபளப்பும் ஒன்று அழுக்குமாக இருந்த ஷூக்களைப் பொறுக்கிக்கொண்டு மெதுவாக எழுந்தார். அவளுக்கு முதுகைக் காட்டாமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டாக நடந்து உள்ளே போனார்.